கொடி சுற்றிப் பிறந்தவன்

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் காய்ந்து போர் போட்டிருந்த மாசி மாதம். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் ஓர் ஊர். ராத்திரி 11 மணிக்கு மேல் 16 வயதுப் பையன் ஒருவன் தன் தாய்மாமன் வீட்டு வைக்கோல் போருக்குத் தீ வைத்தான். காற்று வாக்கில் தீ பக்கத்து மாட்டுக் கொட்டகையின் கீற்றைப் பிடித்துக்கொள்ள, உள்ளே கட்டியிருந்த கறவைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வர முடியாமல் வெந்து செத்தது. ஊரே எழுந்து வந்து பம்புசெட்டைப் போட்டு, குடம் குடமாக ஊற்றி அணைக்கிறவரை பையன் எங்கும் ஓடவில்லை, வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, உள்ளே மாடு இருந்தது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றான்.

அந்த ஒரு பதிலோடு ஊருக்கு வழக்கு முடிந்துவிட்டது. குடித்திருக்கவில்லை, கூட்டாளி கிடையாது, விளையாட்டு வினையாகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. "அது பொறவியிலயே அப்படிங்க, இன்னைக்குத்தான் வெளிய வந்துருக்கு" என்றார் டீக்கடைக்காரர். மாமன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகாரும் பையனின் பிறப்பிலிருந்துதான் தொடங்குகிறது. தீ வைத்த விஷயம் மூன்றாவது பத்தியில்தான் வருகிறது.

இந்த மாதிரி வழக்குகளில் பிள்ளையோடும் வீட்டாரோடும் பேசி, இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிற அறிக்கைக்கு உதவுவது என் வேலை. இங்கே எழுதுவது ஒரே பையனின் கதை இல்லை. இரண்டு மூன்று பையன்களின் விவரங்களைக் கலந்து, ஊரையும் உறவையும் கொஞ்சம் மாற்றி ஒருவனாக்கியிருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம், அதோடு அவனுக்கு ஊரில் இருக்கிற பெயரே போதும்.

பிறந்த கதை

அப்பாயி சொன்னது, ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது, மாமன் சொன்னது மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் இவ்வளவு தேறுகிறது. வலி எடுத்து வெகுநேரம் கழித்துப் பிறந்தான். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று. உடனே அழவில்லை, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள்.

கழுத்தில் கொடி சுற்றியிருப்பது அபூர்வம் ஒன்றும் இல்லை. நாலைந்து பிரசவத்துக்கு ஒன்றில் இருக்கும், பெரும்பாலும் விரலால் தளர்த்தி எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் நம் பக்கத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது. இது தெரியாத கிழவி யாரும் டெல்டாவில் இருக்க மாட்டாள். பரிகாரமும் கூடவே இருக்கிறது: மாமன் பிள்ளையை நேராகப் பார்க்கக் கூடாது, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற முகத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளையைப் பார்க்கலாம். தோஷம் கழிந்தது, எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

எனக்கு இந்தச் சடங்கின் மேல் கோபம் கிடையாது, சொல்லப்போனால் மரியாதைதான். பயத்தைக் கிளப்பிவிட்டு, அதை இறக்கி வைக்கவும் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. பிள்ளை தங்காத வீட்டில் குழந்தையைக் கோயிலில் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும், குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பதும் இதே வகைதான். வேண்டாம் என்று பொய்யாகச் சொல்லி, பிள்ளையை இறுகப் பிடித்துக்கொள்கிற தந்திரம்.

இந்த வீட்டில் என்ன ஆயிற்று என்றால், எண்ணெயில் முகம் பார்க்க மாமன் வரவேண்டிய வாரத்தில் டிராக்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இன்றைக்கும் விந்தித்தான் நடக்கிறார். அதற்கப்புறம் எண்ணெய்க்கும் கிண்ணத்துக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது. பிள்ளை வந்தான், கால் போயிற்று, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மாமன் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையனின் அப்பா சிங்கப்பூர் போய், கொஞ்ச காலம் பணம் அனுப்பிவிட்டு அப்புறம் ஆளே இல்லாமல் போனபோது, அக்காளையும் அவள் மகளையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர். அந்தப் பெண்ணைப் படிக்க வைத்ததும் அவர்தான். பையனை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. "அவனப் பாத்தா எனக்கு இந்தக் காலுதான் ஞாபகம் வருது மேடம், நான் என்ன பண்றது?" என்று என்னிடம் கேட்டார். நிஜமாகவே கேட்டார், பதில் எதிர்பார்த்து.

மடியும் பந்தியும்

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். மகள் மாமன் வீட்டில். மகன் அப்பாயியின் கூரை வீட்டில், நடுவில் கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டில், கொஞ்ச நாள் விடுதியில், மறுபடி அப்பாயியிடம்.

காதுகுத்து குலதெய்வக் கோயிலில் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவது, மொட்டை போடுவது எல்லாம். மாமன் வந்திருந்தார். சீர்த்தட்டு கொண்டுவந்தார், முறையாகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், மடியை மட்டும் தரவில்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பையனின் இடது காது மடலைக் கிட்டத்தில் பார்த்தால் துளை நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போயிருப்பது தெரியும். திமிறியிருக்கிறான், தட்டான் கை வழுக்கியிருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு 5 வயது. தனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்கிறான். நேரில் பார்த்த நினைவா, ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது சொல்லச் சொல்லக் கேட்டு ஊறிய நினைவா என்று பிரிக்க முடியாது. விளைவுக்கு அது முக்கியமும் இல்லை.

தீ வைத்த மாசத்தில் மாமன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. வாசலில் கட்டிய பிளெக்ஸில் சித்தி, சித்தப்பா, ஒன்றுவிட்டது, பாதிவிட்டது என்று உறவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் போட்டோ, இவனுடைய அக்கா உட்பட. இவன் படம் இல்லை. முறைப்படி பார்த்தால் அந்தப் பெண்ணை இவனுக்குக் கட்டிக்கொடுக்கிற முறை, அதனால்கூட ஒதுக்கியிருக்கலாம், எனக்குத் தெரிந்து அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அழைக்காமலே போனான். பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டு, சாம்பார் ஊற்றியாகிவிட்டது. அப்போது மாமன் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்து, அடுத்த பந்தியில் உட்காரலாம் எழுந்திரு என்று தோளைத் தொட்டு எழுப்பினார். அடுத்த பந்திக்கு அவன் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி தீ.

இலையிலிருந்து எழுப்புவது என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொந்தப் பகை உள்ளவர்கள்கூட இலையில் உட்கார்ந்தவனைத் தொட மாட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை சுலபம்

ஒதுக்கினார்கள், அதனால் கெட்டான். கேட்க நன்றாக இருக்கிறது, என் வேலையில் இருக்கிறவர்களுக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். ஆனால் அப்பாயியோடு உட்கார்ந்து பேசினால் வேறு விஷயங்கள் வருகின்றன.

கைக்குழந்தையிலேயே அவ்வளவாக அழாதவன். இருட்டுக்குப் பயம் இல்லை, நண்டு வளையில் தோள்வரை கையை விடுவான், உள்ளே பாம்பு இருக்கும் என்றால் சிரிப்பான். "அடிச்சாலும் அழ மாட்டான் தாயி. அழுதா வுட்டுரலாம், அழாத புள்ளைய எத்தன நேரம் அடிக்கிறது?" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை நான் நிறையப் பெற்றோரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அழுகை என்பது அடிக்கிறவருக்குக் கொடுக்கிற ரசீது, அதைக் கொடுக்காத பிள்ளை கூடுதலாக வாங்குகிறது.

9 வயதில், தெருநாய் ஈன்ற குட்டிகளைப் பையில் போட்டு, தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் விட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "நீந்துமான்னு பாத்தேன்." பள்ளியில் கூடப் படித்தவன் தொடையில் காம்பஸை ஏற்றினான், அதற்கும் பெரிய காரணம் எதுவும் இல்லை. 9ஆம் வகுப்பு நடுவில் டி.சி. கொடுத்து அனுப்பினார்கள்.

நாய்க்குட்டி விஷயத்தைக் கேட்டதும் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. மாமன் அங்கே இல்லை, பந்தியும் இல்லை, யாரும் அவனை எழுப்பவும் இல்லை. ஒதுக்கலை வைத்து இதை விளக்கப் பார்த்தால் இழுத்துப் பிடித்துத்தான் விளக்க வேண்டும்.

ஆகவே 'பிறவி' என்கிற பக்கத்தையும் ஒழுங்காகக் கேட்டுவிடுவோம். 2005இல் பிரிட்டனில் 7 வயது இரட்டையர்களை வைத்து வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அடாவடி செய்கிற பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: அடுத்தவர் வலி உறைக்காத, குற்ற உணர்வு தெரியாத பிள்ளைகள் ஒரு பக்கம், அடாவடி செய்தாலும் அந்த உணர்வு இருக்கிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். முதல் வகையில் அந்த நடத்தையில் மரபின் பங்கு 81 சதவீதம், இரண்டாம் வகையில் 30. முதல் எண்ணைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் சொன்னது சரிதானே என்று கிளம்பிவிடக் கூடாது. அது ஒரு கூட்டத்துக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வேறுபாட்டைப் பற்றிய கணக்கு, ஒரு பையனை நிறுத்தி வைத்து இவனில் இவ்வளவு பங்கு ரத்தம் என்று சொல்கிற கணக்கு இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், எல்லாப் பிள்ளையும் ஒரே மண்ணில் பிடித்ததில்லை.

பயமின்மையும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத்துடிப்பு குறைவாக இருக்கிற பிள்ளைகளிடம் பிற்காலத்தில் அடாவடி அதிகம் என்று பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதே சமயம் 1980களில் பிரிட்டனில் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்து பதக்கம் வாங்கியவர்களைச் சோதித்தபோது நெருக்கடியில் அவர்களுக்கும் துடிப்பு குறைவாகவே இருந்தது. ஆக, பிறக்கும்போது வந்தது பயமின்மை. அதைக் கொண்டு நாய்க்குட்டியை விடுவானா, வாய்க்காலில் விழுந்த பிள்ளையைத் தூக்கக் குதிப்பானா என்பது அதோடு சேர்ந்து வரவில்லை.

டென்மார்க் கணக்கு

இந்த வழக்குக்கு மிக அருகே வந்து நிற்கிற ஆய்வு 1994இல் வெளியானது. கோபன்ஹேகனில் 1959 முதல் 1961 வரை பிறந்த 4,269 ஆண் குழந்தைகளின் பிரசவக் குறிப்புகளை, அவர்கள் 18 வயதை எட்டியபோது குற்றப் பதிவேட்டோடு ஒட்டிப் பார்த்தார்கள். பிரசவத்தில் சிக்கல் இருந்ததா என்பது ஒரு கேள்வி. முதல் வருஷத்தில் தாயால் ஒதுக்கப்பட்டதா என்பது இன்னொன்று, அதாவது வேண்டாத கர்ப்பமா, கலைக்கப் பார்த்தாளா, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டாளா. இரண்டும் ஒருசேர அமைந்தவர்கள் மொத்தத்தில் 4.5 சதவீதம். அந்த 4,269 பேர் செய்த வன்முறைக் குற்றங்களில் 18 சதவீதம் இந்தச் சிறு கூட்டத்தினுடையது. சிக்கலான பிரசவம் மட்டும் இருந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்ட வீடுகளில் இந்த ஏற்றம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எண்ணெய்க் கிண்ணம்தான். டென்மார்க்கில் பிரசவச் சிக்கலும் ஒதுக்கலும் தனித்தனியாக வந்து, சில பிள்ளைகளுக்குத் தற்செயலாக ஒன்றுசேர்ந்தன. நம் வீட்டில் ஒன்றுதான் இன்னொன்றைக் கூட்டி வந்தது. கொடி சுற்றிப் பிறந்ததுதான் தள்ளி வைக்கக் காரணம். கூடுதல் கவனம் தேவைப்படுகிற பிள்ளை என்று மருத்துவம் குறித்து வைக்கிற அதே குழந்தையைத்தான் நம் நம்பிக்கை தேடிப் பிடித்து ஓரத்தில் உட்கார்த்துகிறது.

இங்கே ஒதுக்கியது தாய் இல்லை, மாமன், அதுவும் வருஷக்கணக்கில், என்று ஒரு எதிர்வாதம் வரலாம். சரிதான், ஆய்வை அப்படியே தூக்கி வந்து நம் ஊரில் நட முடியாது. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் என்றால் யார் என்பதை கோபன்ஹேகனில் யாரும் அளக்கவில்லை. அவன் விஷயத்தில் தாய் போன திசையையும் மாமன் வீட்டுக் கதவுதான் தீர்மானித்தது. இரண்டு பிள்ளைகளையும் அங்கே விட முடிந்திருந்தால், மகனை மட்டும் பிரித்து விட்டுவிட்டுத் திருப்பூர் பஸ் ஏற வேண்டி வந்திருக்காது.

அக்காளின் கேள்வி

இதையெல்லாம் நான் கோர்த்து வைத்திருந்தபோது அவன் அக்கா ஒரே வரியில் கலைத்துவிட்டாள். "என்னையும்தான் விட்டுட்டுப் போனாங்க. நான் யாரு வூட்டையும் கொளுத்தலையே மேடம்?"

மாமன் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, முதலில் எழுந்து, சாணி அள்ளி, அதற்கு நடுவே படித்து நர்சிங் சேர்ந்த பெண். செத்த பசுவைக் கறந்தவள் அவள்தான். அவளிடம் போய் உன் தம்பி ஒதுக்கப்பட்டவன் என்று சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒதுக்கப்பட்டவர் எல்லாம் கொடியவர் ஆவதில்லை. ஆபுத்திரன் கதை நமக்குத் தெரியும். பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போக, பசு 7 நாள் பால் சுரந்து காத்த பிள்ளை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவன் மீட்டபோது பிறப்பைத் தோண்டி எடுத்து ஊரைவிட்டுத் துரத்தினார்கள், போன ஊரெல்லாம் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன்தான் மதுரைக்குப் போய்க் குருடருக்கும் முடவருக்கும் சோறு போட்டான். புகார் நகரில் மணிமேகலை கையில் இருந்த அமுதசுரபி அவனுடையது. ஆனால் அவனைத் தோட்டத்திலிருந்து தூக்கிப் போய் மகன் என்று வளர்த்த ஒருவரும் கதையில் இருக்கிறார், அவரை மறந்துவிட்டுத்தான் நாம் பொதுவாக இந்தக் கதையைச் சொல்கிறோம். அக்காளுக்கும் ஒரு வீடு இருந்தது, கசப்பான வீடானாலும்.

அமெரிக்காவில் 1995க்கும் 2001க்கும் இடையே பள்ளிக்கூடங்களில் நடந்த 15 துப்பாக்கிச்சூடுகளை ஆராய்ந்தவர்கள், அதில் 13இல் சுட்ட பையன் சக மாணவர்களால் ஒதுக்கப்பட்டோ கேலி செய்யப்பட்டோ இருந்ததைக் கண்டார்கள். கூடவே சுட்டவர்களில் பலருக்குத் துப்பாக்கி மோகம், சாவின் மேல் ஒரு ஈர்ப்பு, மனநலக் கோளாறு என்று வேறு ஏதாவதும் இருந்தது. அங்கே ஒதுக்கப்பட்டுத் தனியாகச் சாப்பிட்டு வீடு திரும்புகிற பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருப்பார்கள், அவர்கள் எந்த ஆய்விலும் வருவதில்லை.

கோப்பில் வராத கன்று

சமூக விசாரணை அறிக்கையில் குற்றத்துக்கான காரணம் என்று ஒரு இடம் உண்டு. பெற்றோரின் புறக்கணிப்பா, அளவுக்கு மீறிய செல்லமா, கூட்டாளிகளின் தாக்கமா என்று படிவமே எடுத்துக் கொடுக்கும். பிறவிக் குணம் என்று எழுத அங்கே இடம் இல்லை, அது நல்லதுதான். 18 வயதுவரை பிள்ளைக்குத் தீய உள்நோக்கம் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் சட்டமே தொடங்குகிறது. இந்த வழியில் நாம் ஒன்றும் புதியவர்கள் இல்லை, இந்தியாவில் முதல் சிறுவர் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது.

கூர்நோக்கு இல்லத்தில் அவனோடு பேசியதில் மாட்டைப் பற்றி வருத்தம் எதுவும் தென்படவில்லை. "மாடு பாவம்தான். ஆனா அது அவங்க மாடு" என்றான். இதை அறிக்கையில் அப்படியே சேர்க்கச் சொன்னேன். அழகுபடுத்தினால் அடுத்துப் படிக்கிறவர் ஏமாறுவார்.

அப்புறம் ஒரு நாள் மாமன் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது, சம்பந்தமில்லாமல் அவர் ஒன்று சொன்னார். பசுவின் கன்றும் அதே கொட்டகையில்தான் கட்டியிருந்தது. விடிந்தபோது வாய்க்கால் ஓரத்தில் நின்றிருக்கிறது. "கழுத்துக் கயிறு கருகவே இல்ல, முடிச்சு மட்டும் அவுந்து கெடந்துச்சு." போலீஸ் அதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, கன்று பிழைத்தது புண்ணியம் என்று விட்டுவிட்டார்கள். நான் பையனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினான், பேச்சை மாற்றினான். அவன் அவிழ்த்தானா, திமிறி அவிழ்ந்ததா, எனக்குத் தெரியாது. அவன்தான் அவிழ்த்தான் என்று எழுதினால் அறிக்கை அருமையாக முடியும், அதனாலேயே நான் எழுத விடவில்லை. ஆனால் பிறவிக் கொடூரன் என்று முடிவு கட்டிவிட்ட ஊரில், அந்த முடிச்சைப் பார்த்த ஒருத்தருக்கும் ஒரு சந்தேகம்கூட வரவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு உறைத்தது. பிறவி என்று சொல்லியாகிவிட்டால் அதற்கப்புறம் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இது ஒரு ஊரின் புத்தி மட்டும் இல்லை, அரசாங்கமே சட்டம் போட்டுச் செய்திருக்கிறது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்திருந்தால் போதும், திருடியிருக்க வேண்டியதில்லை, கைரேகை வைக்க வேண்டும், சொல்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது. பிறவிக் குற்றவாளியை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலியில் லொம்ப்ரோசோ புத்தகம் எழுதியது 1876இல். இந்தியாவில் சட்டம் அதற்கு 5 வருஷம் முன்பே வந்துவிட்டது. நாடு முழுவதும் அது ஒழிய 1952 ஆகஸ்ட் ஆயிற்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே டெல்டாவில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று ராத்திரி வைத்த தீ. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்த குடிசையில் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலன் உள்ளவர்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீக்குக் காரணம் ஒதுக்கப்பட்ட வேதனை என்று யாராவது சொல்வார்களா? குற்றம் சாட்டப்பட்டவர்கள் எந்தப் பந்தியிலும் யாரும் எழுப்பாத மனிதர்கள். ஒதுக்கல்தான் கொடுமையின் ஊற்று என்று அடித்துப் பேசுகிறவர்கள் வெண்மணிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பிறப்பை வைத்துப் பேசுகிறவர்களுக்கும் அங்கே பதில் கிடையாது. இந்த மண்ணில் பிறப்பு ஒருவனைப் புகாரின் முதல் பத்தியிலேயே குற்றவாளி ஆக்கியிருக்கிறது, இன்னொருவரைத் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் அப்படிப் பேசுகிறவர் யார், அதனால் அவருக்கு என்ன வேலை மிச்சமாகிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். மாமனுக்கு ஒரு பிள்ளையை வளர்க்கிற வேலை மிச்சம். பள்ளிக்கு ஒரு பையனைச் சமாளிக்கிற வேலை மிச்சம்.

இப்போது

குழுமம் அவனை நன்னடத்தைக் கண்காணிப்பில் அப்பாயியிடம் விட்டது. ஊருக்குள் வைத்திருக்க முடியாது என்று, மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்றில் சேர்த்தோம். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை இழுத்துப் போட்டு, புதுச் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, காடிக்குள் காகிதம் வைத்து இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கிற வேலை. ஒரு சுற்று கூடிக் குறைந்தால் மோட்டார் சூடாகி மறுபடியும் கடைக்கே வரும். அவன் எண்ணிக்கை தவறுவதே இல்லை என்கிறார் கடைக்கார அண்ணன். நடுவில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாதாம்.

சேர்ந்த கொஞ்ச நாளில் பழைய செம்பைத் திருடி எடைக்குப் போட்டான். கடைக்காரர் கண்டுபிடித்தார், நாலு கெட்ட வார்த்தை திட்டினார், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், மறுநாள் வழக்கம்போல் எட்டு மணிக்கு வரச் சொன்னார். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் நடந்த சிகிச்சை அதுதான், என் ஆற்றுப்படுத்தல் எல்லாம் அதற்குப் பின்னால்தான். கையும் களவுமாகப் பிடிபட்டும் வெளியே அனுப்பப்படாதது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏன் அனுப்பவில்லை என்று அவரிடம் கேட்டேன், ஏதாவது பெரிய மனசாகச் சொல்வார் என்று. "குறுவை சீசன் மேடம், தெருவுக்கு நாலு மோட்டார் எரியுது, ஆளுக்கு எங்க போறது?" என்றார்.

திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்குப் பக்கத்துக் கடைப் பையனை ஸ்பானரால் அடித்து மண்டையில் தையல் போட வைத்தான். நாய்க்குட்டிகளைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் அதே முகம்தான். மாமன் தெருவுக்கு அவன் போவதில்லை, அவரும் கூப்பிடவில்லை. மாட்டுக்கான பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வைக்கலாமா என்று பேச்சு எடுத்தேன், இரண்டு பக்கமும் பிடி கொடுக்கவில்லை. அக்கா மாதம் ஒரு தடவை போனில் பேசுகிறாள், அதுவும் அப்பாயி உடம்பைப் பற்றி.

இப்போது ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிக்க ஆசைப்படுகிறான், அதற்கு 8ஆம் வகுப்பு தேறியிருந்தால் போதும். சாதிச் சான்றிதழுக்கு அப்பாவின் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள் தாலுகா ஆபீஸில். அது அம்மா விட்டுப்போன தகரப் பெட்டியில், மாமன் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். மாமன் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எடுத்துக் கொடுக்கிறேன் என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி நெருங்குகிறது, இந்த வாரம் நானே போய்க் கேட்க வேண்டும்.